உப்புக் காற்றில் கேமரா: ராமநாதபுரம் கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் பகல் பதினொரு மணிக்கு வேனை விட்டு இறங்கி, உச்சி வெயிலில் முக்காலியை ஊன்றுகிறவர்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். கழுத்தில் தொங்குவது என் கேமராவைப் போல இரண்டு மடங்கு விலை இருக்கும். வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால் வெளிறிய வானம், சாம்பல் நிற மணல், கண்ணைச் சுருக்கிய முகங்கள். உடனே "கேமரா சரியில்லை" என்று அடுத்த மாடலைத் தேடத் தொடங்குவார்கள். நானும் அப்படித் தேடியவன்தான். பணம் போனதுதான் மிச்சம்.

இந்தக் கரையில் முதலில் விசாரிக்க வேண்டியது காற்றை. இங்கே கடல் இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, அது பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வைகாசிக்கு அப்புறம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் சீறும், பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் கதை தலைகீழ். சீறும் அலை வேண்டுமா, அசையாத தண்ணீரில் வத்தை என்கிற சின்ன நாட்டுப்படகின் நிழல் வேண்டுமா என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற கரைக்குப் போக வேண்டும். செயலியில் காற்றின் வேகம் தெரியும். ஆனால் பாம்பனில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேட்டால், எந்தப் பக்கம் போனால் மணல் முகத்தில் அடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

காலண்டரையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது வந்து, விசைப்படகுகள் மீனோடு கரை திரும்பும் காட்சிக்காக விடியற்காலையில் காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. அந்த இரண்டு மாதம் படகுகளுக்குப் பழுது பார்த்து வர்ணம் பூசும் காலம். என்னைக் கேட்டால் படத்துக்கு அதுதான் இன்னும் நல்ல விஷயம்.

பகல் வெளிச்சம் எப்போதுமே ஆகாது என்று புத்தகப் பாடமாகச் சொல்ல மாட்டேன். பாம்பன் கடலின் பச்சை கலந்த நீலம், சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் தண்ணீருக்கு அடியில் இருக்கும் மணலோடு தெளிவாகத் தெரியும். போலரைசர் ஃபில்டரை மாட்டித் திருகினால் மேற்பரப்பின் பளபளப்பும் குறையும். அகலக் கோண லென்ஸில் அதையே மாட்டினால் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளுப்பு என்று திட்டுத்திட்டாகிவிடும், கவனம். மனித முகங்களையும் தனுஷ்கோடி தேவாலய இடிபாட்டையும் காலையில் எடுங்கள். பால்வெளி மண்டலத்தை அரிச்சல்முனையில் எடுக்கலாம் என்று ராத்திரிக் கனவோடு வருகிறவர்களுக்கு ஒரு சேதி: மாலைக்கு மேல் அங்கே வாகனங்களை விடுவதில்லை.

அடுத்தது உப்பு. இதைத்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. கடற்கரையில் அரை மணி நேரம் நின்றாலே லென்ஸின் முன்கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் படிந்துவிடும். படம் மங்கலாக, பனி மூட்டம் போல வரும். போன் கேமராவில் இன்னும் மோசம், வேர்வை பட்ட விரலும் சேர்ந்துகொள்கிறது. உடனே சட்டை நுனியால் துடைப்போம். அந்தத் துணியில் இருக்கும் மணல் துகள், கண்ணாடியின் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள், பிறகு மென்மையான பிரஷ், கடைசியில்தான் லென்ஸ் துணி. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கேமரா உடம்பையும் முக்காலியின் கால்களையும் துடைத்துவிடுங்கள். உலர்ந்த துணி உப்பைத் தேய்க்குமே தவிர எடுக்காது.

கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. மணலும் உப்பும் சென்சாரில் போய் உட்கார்ந்தால் அதன்பின் எடுக்கும் ஒவ்வொரு வானத்திலும் அதே இடத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து மாற்றுங்கள். ராமேஸ்வரத்தில் ஏசி அறையில் தங்குகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. விடியற்காலையில் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்ததும் ஈரக்காற்று பட்டு லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும், அதற்குள் சூரியன் மேலே வந்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, அப்புறம் திறந்தால் போதும்.

ஊர்க்காரர்கள் செய்யும் தவறு பீரோ. தோல் பைக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைப்பார்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது பூஞ்சை வளர்க்கும் பண்ணை. லென்ஸுக்குள் சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் தெரிந்தால் வந்துவிட்டது என்று பொருள். ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டினாலே அது வளரத் தொடங்கும். நாற்பது, ஐம்பதுக்குள் வைத்திருந்தால் பயமில்லை. விலையுயர்ந்த உலர்பெட்டி வாங்க முடியாவிட்டால், காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது, சூடாக்கி உலர்த்த வேண்டும்.

"என் போன் ஐபி68, கடலிலேயே முக்கலாம்" என்பது இன்னொரு நம்பிக்கை. ஐபி68 என்பது தண்ணீர் புகாது என்பதற்கான தரச்சான்று, அதற்கான சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. அப்படித் தரச்சான்று உள்ள போனில் கடல் நீர் பட்டால், நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜரைச் சொருகுங்கள். கேமரா விழுந்தால் உடனே பேட்டரியை எடுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்கும் அந்த ஆசைதான் அதைக் கொல்கிறது. அரிசி மூட்டையில் புதைப்பதால் தூசிதான் உள்ளே போகும்.

வெளிச்ச அளவு பற்றிச் சுருக்கமாக. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதனால் தனுஷ்கோடி வெண்மணலும் வாலிநோக்கத்து உப்புக் குவியலும் அழுக்காக வருகின்றன. எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். கருநீலத் தண்ணீருக்கு முன்னால் வெள்ளைப் பறவை நின்றால் அதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறகின் வரிகள் வெளுத்துப் போகும்.

பறவை என்றதும் பூநாரை. கோதண்டராமர் கோவில் பக்கத்துச் சேற்றுப்பரப்பில் பனிக்காலத்தில் கூட்டமாக நிற்கும். தனுஷ்கோடிப் பகுதி 2025இல் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு நெருங்கி நெருங்கிப் போவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. தலையைக் குனிந்து மேய்ந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை நிமிர்த்தி, ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள், நின்றுவிடுங்கள். பறக்கும் படத்துக்காகக் கல்லெறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஷட்டர் வேகம் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. தானாகப் பறக்கும் வரை காத்திருப்பவர்களுக்கு: 1/2000 வைத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் வேண்டாம். 250 கிராமுக்குக் குறைவானதற்கு அனுமதியே தேவையில்லை என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அந்தச் சலுகை பைலட் சான்றிதழ் போன்றவற்றுக்குத்தான், வான்வெளிக்கு அல்ல. பக்கத்திலேயே சர்வதேச எல்லை, உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிட்டால் படத்துக்குப் பதில் விசாரணைதான் கிடைக்கும். ராமநாதசுவாமி கோவில் பிரகாரத்தைப் படம்பிடிக்கும் எண்ணத்தையும் வெளியிலேயே விட்டுவிடுங்கள், போனே உள்ளே போகாது.

மனிதர்களைப் படமெடுக்கும்போது கேமராவைத் தூக்குவதற்கு முன் ஒரு வார்த்தை பேசுங்கள். கடல்பாசி எடுத்துவிட்டு ஈரச்சேலையோடு கரையேறும் பெண்களைத் தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுப்பது திருட்டு வேலை. எடுத்த படத்தைத் தருகிறேன் என்று சொன்னால் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருங்கிப் பாதித் தரம்தான் போய்ச் சேரும்.

கடைசியாகச் சேமிப்பு. மெமரி கார்டை கணினியில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். தெரியாமல் அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அதற்குமேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். புதுப்படம் மேலே எழுதப்படாத வரை, மீட்கும் மென்பொருளால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இதைப் பத்து வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே, என் படங்களை ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். மேசையிலிருந்து ஒருநாள் கைதட்டி விழுந்தது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும் படங்கள், கப்பலுக்காக அதன் தூக்குப்பாலம் இரு கதவுகளாகத் திறந்து நிற்கும் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிறது. அதையும் எடுத்திருக்கிறேன், மூன்று பிரதி இருக்கிறது. பழைய டிஸ்க் இழுப்பறையில் கிடக்கிறது. மீட்டுத் தரக் கேட்கும் தொகைக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கலாம். வாங்குவதா, மீட்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.