உரோம ஆட்சியில் யூதர்களின் குடியுரிமை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரோமப் பேரரசில் வாழ்ந்த யூதர்களைப் பற்றி எழுதுவோர் பலர், குடியுரிமை என்பது இருந்தது அல்லது இல்லை என்று ஒரே வரியில் தீர்ப்பளித்துவிடுகின்றனர். இதுவே முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன. உரோமக் குடியுரிமை ஒன்று, அலெக்சாந்திரியா, தர்சு போன்ற கிரேக்க நகரங்கள் தம் குடிகளுக்கு வழங்கிய உரிமை வேறொன்று, யூதர்கள் தம் மூதாதையர் வழக்கப்படி கூடி வாழப் பெற்ற அனுமதி இன்னொன்று. மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். மூன்றாவது மட்டுமே இருந்தவர்களும் ஏராளம்.

இந்த வேறுபாட்டின் கனத்தை அலெக்சாந்திரியாவில்தான் முழுமையாகக் காண முடிகிறது. எகிப்தில் உரோமக் குடிமக்களும் அலெக்சாந்திரிய நகரக் குடிமக்களும் தலைவரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்ததால், நகரக் குடியுரிமை என்பது பெருமையை மட்டுமன்றிப் பணத்தையும் சார்ந்த வழக்காக இருந்தது. கி.மு. 5 அல்லது 4ஆம் ஆண்டைச் சேர்ந்த பாப்பிரசு என்னும் நாணல்தாளில் எழுதப்பட்ட ஒரு மனுவில், திரைபோன் மகன் ஹெலெனோஸ் என்பவர் முதலில் "அலெக்சாந்திரியர்" என்று குறிக்கப்பட்டு, பின்னர் அச்சொல் அடிக்கப்பட்டு, "அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த யூதர்" என்று திருத்தப்பட்டிருக்கிறார். தம் தந்தை அலெக்சாந்திரியர் என்று கூறும் ஒருவரின் நிலையே இப்படி ஐயத்துக்குரியதாக இருந்திருக்கிறது. கி.பி. 38இல் யூதர்கள் மீது அந்நகரில் கொடுந்தாக்குதல் நடந்ததையும், 41இல் பேரரசர் கிளாடியஸ் எழுதிய மடலில் யூதர்களின் வழக்கங்களைக் காத்துவிட்டு, அந்நகரம் அவர்களுக்குச் சொந்தமானதன்று என்றும் கூறியதையும் இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும்.

யூதராகப் பிறந்து உரோமக் குடியுரிமையும் பெற்றிருந்த கிறித்தவத் திருத்தூதர் பவுலை மட்டும் நினைத்து, உரோமக் குடியுரிமை பெற்ற யூதர் அரிதான விதிவிலக்கு என்று கருதுவதும் சரியன்று. கி.மு. 63இல் உரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றிய பின் உரோமுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பலர் விடுதலை பெற்றுக் குடிமக்களாயினர்; உரோமின் யூதர்களில் பெரும்பாலோர் இவ்வாறு விடுதலை பெற்ற கைதிகளே என்று அலெக்சாந்திரிய யூத மெய்யியலாளர் ஃபைலோ எழுதுகிறார். யூதேயாவின் மன்னர் ஏரோதின் தந்தை அந்திப்பாத்தருக்கு யூலியஸ் சீசரே குடியுரிமை வழங்கினார். குடிமகனாக வேண்டுமானால் யூத நெறியைத் துறந்தாக வேண்டும் என்ற கருத்தும் நிற்காது: உரோமில் தானியம் பங்கிடும் நாள் ஓய்வுநாளில் விழுந்தால், யூதர்களின் பங்கை மறுநாள் வழங்குமாறு பேரரசர் அகஸ்துஸ் ஆணையிட்டிருந்தார்.

ஆனால் அந்த உரிமை எப்போதும் காப்பாற்றியது என்று எண்ணிவிடக் கூடாது. கி.பி. 66இல் யூதேயாவின் உரோம ஆளுநர் புளோருஸ், உரோமக் குதிரைவீரர் வகுப்புத் தகுதி பெற்றிருந்த யூதர்களையே எருசலேமில் சாட்டையால் அடித்துச் சிலுவையில் அறைந்தார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் பதிவுசெய்கிறார். சட்டப்படி அவர்களை இவ்வாறு தண்டித்திருக்கவே கூடாது.

212இல் பேரரசர் கரகல்லா, பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறத்தாழ அனைவருக்கும் குடியுரிமை அளித்ததோடு சிக்கல் தீர்ந்தது என்று முடிப்பது கடைசித் தவறு. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்த பின், ஆலயத்துக்குச் செலுத்திவந்த காணிக்கைக்கு ஈடாக ஆண்டுக்கு இரண்டு தெனாரியம் (உரோம வெள்ளிக்காசு) வரி யூதர்கள் மீது விதிக்கப்பட்டது. குடிமக்களாகி ஒரு தலைமுறை கடந்த பின்னும் யூதர்கள் அவ்வரியை உரோமருக்குச் செலுத்திக்கொண்டிருந்ததைக் கிறித்தவ இறையியலாளர் ஓரிகன் தம் மடலொன்றில் குறிப்பிடுகிறார்.