காமா வெடிப்பின் பின்னால் கனத் தனிமம் உண்டா? பார்ப்பது எப்படி

இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது வரும் காமா வெடிப்பு, தங்கமும் பிளாட்டினமும் உருவாவதால் வரும் ஒளி அல்ல. ஏறத்தாழ ஒளிவேகத்தில் பீறிடும் தாரையிலிருந்து வருவது அது. தனிமங்களின் கதிரியக்கச் சிதைவு தரும் காமா வரிகள் இதுவரை எந்த மோதலிலும் பிடிபடவில்லை. தொலைவில் அவை மிக மங்கல். வெடிப்பு வழிகாட்டும், அவ்வளவுதான். தடயம் கிடைப்பது அகச்சிவப்பில்.

முதலில் கால அளவு. ஃபெர்மி விண்கலத்தில் காமா வெடிப்புகளைக் கண்காணிக்கும் ஜிபிஎம் கருவியின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதன் 12 சோடியம் அயோடைடு உணரிகளில், வெடித்த திசைக்கு 60 பாகைக்குள் இருப்பவற்றை மட்டும் எடுங்கள். 50–300 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எண்ணிக்கையை 64 மில்லிநொடித் துண்டுகளாக வரையுங்கள். வெடிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளைக் கொண்டு பின்னணியைப் பொருத்திக் கழியுங்கள். மொத்த எண்ணிக்கையில் 5 சதவீதம் முதல் 95 சதவீதம் வரை சேர எடுக்கும் நேரமே கால அளவு. பின்னணி சற்றுச் சாய்ந்தாலும் மங்கலான வால் தொலைந்து, நீண்ட வெடிப்பு குறுகியதாகிவிடும்.

2 நொடிக்குக் குறைந்தால் மோதல் என்பார்கள். அதை வேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: 2021 டிசம்பர் 11, 2023 மார்ச் 7 வெடிப்புகள் பல பத்து நொடிகள் நீடித்தும் கிலோநோவாவை, அதாவது மோதலில் சிதறிய கனத் தனிமங்களின் சிதைவால் எழும் ஒளியை, காட்டின. நீண்டதை ஒதுக்கும் முன் இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள்; அங்கே சூப்பர்நோவா எழுந்தால் அது மோதல் அல்ல, ஒரு பெரிய விண்மீன் வெடித்துச் சாவது.

ஜிபிஎம் காட்டும் இடம் பல பாகை பிசகும். ஸ்விஃப்ட் விண்கலத்தின் எக்ஸ்கதிர்த் தொலைநோக்கியோ ஈர்ப்பலையோ துணைக்கு வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இணைவுக்கு 1.7 நொடி கழித்து காமா வந்தது. ஈர்ப்பலை காட்டிய பகுதிக்குள் தேடித்தான் 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 விண்மீன்மண்டலத்தில் புதிய ஒளியைக் கண்டார்கள்.

இடம் தெரிந்ததும் சிவப்பு ஆர் பட்டையிலும் அகச்சிவப்புக் கே பட்டையிலும் ஒரே இரவில் படமெடுங்கள்; மூன்றாம், ஏழாம் இரவுகளிலும் எடுங்கள். ஆர் பட்டை ஒளி விரைவில் சாய, கே பட்டை ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தால் லாந்தனைடுகள் என்ற கனத் தனிமக் குடும்பம் இருக்கக்கூடும். அவற்றின் எலக்ட்ரான் அமைப்பில் நிறமாலை வரிகள் நெருக்கமாக மண்டுவதால் அகச்சிவப்பைவிடக் குறுகிய அலைநீள ஒளி எளிதில் வெளியேற முடியாது.

ஏமாற்றுபவை இரண்டு. தூசியும் சிவக்கவைக்கும், ஆனால் அந்தச் சிவப்பு நாளுக்கு நாள் கூடாது. தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதித் தரும் பின்னொளிர்வு இன்னும் மோசம்: எக்ஸ்கதிர், ரேடியோ அளவீடுகளிலிருந்து அதன் சரிவைக் கணித்துக் கழித்தபின் மிஞ்சுவதே கணக்கு. 2017இல் தாரை நம்மை நேராகப் பார்க்கவில்லை, எக்ஸ்கதிர் ஒன்பதாம் நாள்தான் எட்டிப்பார்த்தது. அந்த அதிர்ஷ்டம் எப்போதும் வாய்க்காது.

நிறமாலையில் கூர்மையான கோடுகளைத் தேடாதீர்கள். மோதலில் சிதறிய பொருள் ஒளிவேகத்தில் 10 முதல் 30 சதவீதம் வரை ஓடுவதால் எல்லாம் பரந்த மேடு பள்ளமாகிவிடும். 2017இல் 810 நானோமீட்டர் அருகே கண்ட பள்ளத்தை ஸ்ட்ரான்சியம் என்றும், 2023 மார்ச் 7 வெடிப்பில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 29ஆம் நாள் 2.15 மைக்ரானில் கண்ட மேட்டை டெல்லூரியம் என்றும் இனங்கண்டார்கள்.

சிதறிய பொருளின் நிறையைக் கணக்கிட, சிதைவு வெப்பம் காலத்தின் −1.3 அடுக்காகக் குறைவதாக வைத்து ஒளிர்வைப் பொருத்துங்கள். 2017க்கு இப்படிக் கிடைப்பது சுமார் 0.05 சூரிய நிறை. ஒளிபுகாமையை, அதாவது அந்தப் பொருள் ஒளியைத் தடுக்கும் அளவை, எவ்வளவு என்று எடுத்தீர்கள் என்பதையும் விடையோடு சேர்த்தே எழுதுங்கள்; அதை மாற்றினால் நிறையும் மாறும்.