ஸ்பேஸ் பார் இடுக்கில் ஓர் எள்: கெமர் அலுவலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் இருக்கிற எங்கள் அலுவலகத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வேலைக்கு வந்தார். கெட்டிக்காரர். இங்கே பேச்சும் எழுத்தும் கெமர் மொழிதான். இரண்டாவது வாரமே என் மேசைக்கு வந்து, "அண்ணா, கெமர் ஃபைல் எல்லாத்துலயும் கண்ணுக்குத் தெரியாத குப்பை கெடக்கு. சுத்தம் பண்ண ஒரு மேக்ரோ எழுதிட்டேன், ஓட்டிரவா?" என்றார். கையிலிருந்த காபியை வைத்துவிட்டு அவர் கணினியை நோக்கி ஓடினேன். பல வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிய மேக்ரோவும் (தானாக ஓடுகிற சிறு நிரல்) அதேதான். முகத்தில் இருந்த பெருமையும் அதேதான்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதத் தொடங்கியது இது. கம்போடியாவில் கணினியோடும் கெமர் மக்களோடும் வேலை பார்க்க வருகிற நம் ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள். எல்லாமே நான் செய்து முடித்தவை. விகாரையில் செருப்பைக் கழற்று, யார் தலையையும் தொடாதே, ஃபைலை அடிக்கடி சேமி என்கிற ரகத்தை விட்டுவிடுகிறேன். அது தெரியாமல் யாரும் விமானம் ஏறுவதில்லை.

பெயரைத் தலைகீழாக்குவது

கெமரில் குடும்பப் பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். 2023இல் பிரதமரான ஹுன் மானெட்டின் பெயரில் 'ஹுன்' என்பது குடும்பப் பெயர். நான் என்ன செய்தேன்? எக்செல் பட்டியலில் முதல் சொல்லை 'முதல் பெயர்' என்ற பத்தியில் தூக்கிப் போட்டு, அதை வைத்து நானூறு பேருக்கு அழைப்பு மடல் அனுப்பினேன். அத்தனை பேரையும் குடும்பப் பெயரால் கூப்பிட்டிருந்தேன். அதில் முப்பது நாற்பது பேர் ஒரே ஆள் மாதிரி ஆகிவிட்டார்கள். இங்கே எவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டாலும் 'லோக்', அதாவது ஐயா, என்று சேர்த்துச் சொந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். கல்யாணம் ஆனாலும் பெண்கள் வழக்கமாகப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை; ஆகவே கணவன் பெயரை வைத்து மனைவியைப் பட்டியலில் தேடாதீர்கள். இனிஷியலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று பாஸ்போர்ட் ஃபாரத்தோடு மல்லுக்கட்டிய இனம் நாம். நாமே இதைச் செய்யலாமா?

வயதைக் கேட்காமல் இருப்பது

பன்னாட்டுக் கம்பெனிகளில் பழகியவர்கள் வயது கேட்பது நாகரிகமில்லை என்று வாயை மூடிக்கொள்வார்கள். கெமரில் எதிரில் இருப்பவரின் வயது தெரியாமல் பேச்சையே தொடங்க முடியாது. கொஞ்சம் மூத்தவர் ஆணோ பெண்ணோ, பாங். இளையவர் ஓன். பெற்றோரைவிட இளையவர்கள் என்றால் ஆண் பூ, பெண் மீங். அவர்களைவிட மூத்தவர்கள் என்றால் ஓம். சித்தப்பா, பெரியம்மா என்று அழைத்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. நேரே கேளுங்கள். பதில் எலி, எருது, புலி என்று பன்னிரண்டு விலங்குகளில் ஒன்றாகக்கூட வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல்லவப் பெருமை பேசுவது

கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்ததுதான். தேதியிட்ட கெமர் மொழிக் கல்வெட்டுகளில் மிகப் பழையது அங்கோர் போரெயில் கிடைத்தது, 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சரி. அதற்காக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே "அங்கோர் வாட்டைக் கட்டினது எங்க தமிழ் ராஜா" என்று வாட்ஸ்அப் வரலாற்றை அவிழ்த்துவிடாதீர்கள். கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன், கெமர் அரசன், 12ஆம் நூற்றாண்டு. தேசியக் கொடியிலேயே அந்தக் கோயிலை வைத்திருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது என் அடுத்த தவறு.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளியைக் குப்பை என்று நினைப்பது

இப்போது அந்த மேக்ரோ. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

கெமரில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட மாட்டார்கள். எழுத்துகள் தொடர்ந்து ஓடும். ஒரு கருத்து முடிகிற இடத்தில், நாம் காற்புள்ளி போடுகிற மாதிரி, ஓர் இடைவெளி. கையால் எழுதும்போது இதில் சிக்கலே இல்லை. கணினிக்கோ வரியை எங்கே மடிப்பது என்று தெரியாது. அதனால் சொல் முடிகிற இடத்தில் அகலமே இல்லாத ஓர் இடைவெளியைத் தட்டி வைப்பார்கள். திரையில் ஒன்றும் தெரியாது. ஆனால் வரி நிறைந்தால் இந்த இடத்தில் மடிக்கலாம் என்று கணினிக்கு அது அடையாளம். யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொது முறை; அந்த முறையிலான கெமர் விசைப்பலகையில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விழுவதே இதுதான். கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி வேண்டுமென்றால் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். கை பழகிய தட்டச்சாளர் பக்கத்தில் நின்று பாருங்கள்: கட்டைவிரல் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும், திரையில் இடைவெளி மட்டும் விழாது. வந்த புதிதில் ஸ்பேஸ் பார் பழுது என்று நினைத்து ஒருவருக்குப் புது விசைப்பலகை வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

இந்த இடைவெளியோடு எனக்குப் பகை மூண்டது எக்செலில். பயிற்சிக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இரண்டு. ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடித்தருகிற வீலுக்கப் போட்டுப் பொருத்தினால் பாதிப் பெயர்கள் கிடைக்கவில்லை. பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்று. வேண்டாத இடைவெளியையும் குறிகளையும் நீக்குகிற டிரிம் போட்டேன், கிளீன் போட்டேன், அசையவில்லை. இரண்டுமே இந்த இடைவெளியைத் தொடாது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு பட்டியலை அடித்தவர் பெயருக்கு நடுவில் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருந்தார், இன்னொருவர் தட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த இடைவெளியின் யூனிகோட் எண் 8203. எண் கையில் கிடைத்ததும் அதை அடியோடு அழிக்க ஒரு மேக்ரோ எழுதி, 'துடைப்பம்' என்று பெயரும் வைத்தேன். பெயர்கள் பொருந்தின. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை, அச்சுக்குப் போகவேண்டிய 180 பக்கப் பயிற்சிக் கையேடு இருந்த ஃபோல்டர் மேலும் துடைப்பத்தை ஓட்டினேன். அச்சகத்துக்குச் சுத்தமான ஃபைலாகக் கொடுப்போமே என்ற நல்லெண்ணம். பேக்கப்பும் அதே ஃபோல்டருக்குள்தான் இருந்தது. அதையும் துடைத்துவிட்டது.

திறந்து பார்த்தேன். வலது ஓரம் பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தது. ஒரு வரி பாதியிலேயே நின்றது. அடுத்த வரி விளிம்பில் முட்டி, ஒரு சொல்லின் வால் மட்டும் கீழே விழுந்து கிடந்தது. எனக்கு அப்போது கெமர் படிக்கத் தெரியாது. இடம் பற்றவில்லை போல என்று எழுத்தின் அளவை ஒரு புள்ளி குறைத்தேன். குறைத்துவிட்டு, எங்கள் மூத்த தட்டச்சாளரைக் கூப்பிட்டேன். எல்லாருக்கும் அவர் மீங். நாலு பேர் சுற்றி நிற்க, "ஓகேதானே?" என்றேன். அவர் திரையை ஒரு நிமிடம் பார்த்தார். "ச்சா" என்றார்.

ச்சா என்பது பெண்கள் சொல்கிற ஆம். ஆண்கள் பாட் என்பார்கள். நடைமுறையில் பல நேரம் அது நாம் ஃபோனில் போடுகிற 'ம்' மாதிரிதான்: நீ பேசுவது காதில் விழுகிறது, மேலே சொல். மேலதிகாரியின் வேலை மோசம் என்று பிறர் முன்னால் சொல்லி அவர் முகத்தைக் கெடுக்க மாட்டார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. தனியாகக் கூப்பிட்டு, "இதுல ரொம்ப மோசமா இருக்கிற மூணு பக்கத்தைக் காட்டுங்க மீங்" என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே வெளிச்சமாகியிருக்கும்.

திங்கட்கிழமை அச்சகத்திலிருந்து மாதிரிப் படியோடு வந்த பையன்தான் தயங்கித் தயங்கி, இதைப் படிக்க முடியவில்லை என்று சொன்னான். அழித்த இடைவெளிகளைத் திரும்பப் போட எங்களிடம் குறுக்குவழி எதுவும் இல்லை. படித்துப் படித்துச் சொல்லுக்குச் சொல் தட்டவேண்டும். பக்கத்துக்கு 200 என்று வைத்தாலும் 36,000 தட்டு. நான்கு பேர் உட்கார்ந்தார்கள்.

அது ப்சும் பென் வாரம். பதினைந்து நாள் நடக்கிற முன்னோர் வழிபாடு. முடிகிற நாள் பெரும்பாலும் நம் மகாளய அமாவாசையை ஒட்டியே வரும். ப்சும் பென்னில் வருகிற பென் என்ற சொல்லே நம் பிண்டம்தான். ஏழு தலைமுறை முன்னோர் பசியோடு வந்து விகாரை விகாரையாகத் தேடுவார்கள்; ஏழு விகாரைகளில் பார்த்தும் தன் பிள்ளைகள் வைத்த சோறு இல்லையென்றால் சபித்துவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. அதனால் ஊரே சொந்தக் கிராமத்துக்குக் கிளம்பும். மீங்கும் கம்போங் தோம் போக பஸ்ஸுக்குச் சொல்லி வைத்திருந்தார். போகவில்லை. விடியுமுன் நான்கு மணிக்கு நகரத்து விகாரை ஒன்றில் எள் சேர்த்த சோற்று உருண்டைகளை இருட்டில் எறிந்துவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் வந்து தட்ட உட்காருவார். ஒருநாள் அவர் எழுந்து போன பிறகு பார்த்தேன், ஸ்பேஸ் பார் இடுக்கில் ஒரு கறுப்பு எள். இன்னும் மூன்று நாளில் ஊரில் என் தம்பி அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறான். அந்த எள்ளுக்கு அர்த்தம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நால்வரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? மூலத்தைத் தொடாதீர்கள். எக்செலில் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, அங்கே மட்டும் 8203ஐ நீக்கிய பெயரை வைத்து ஒப்பிடுங்கள். அச்சுக்குப் போகிற பத்தி அப்படியே இருக்கட்டும். அதுகூட முழுசாகக் காப்பாற்றாது. கெமரில் மெய்யெழுத்துக்கு அடியில் இன்னொரு மெய் தொங்கும். 'ஜெங்', அதாவது கால், என்பார்கள். அதில் 'த'வின் காலும் 'ட'வின் காலும் கண்ணுக்கு ஒன்றேதான், கணினிக்கு வேறு வேறு. ஆகவே ஆட்களைப் பெயரால் பொருத்தாதீர்கள், ஆளுக்கொரு எண் கொடுங்கள். இப்போது பல உலாவிகள் அகராதியை வைத்துத் தாமாகவே கெமர் வரியை மடிக்கின்றன, உண்மைதான். அதை நம்பி அச்சு வேலையில் இடைவெளியை விட்டுவிடாதீர்கள். பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தாலோ கால்கள் கழன்று தனியாக நிற்கும். எது எப்படியானாலும் கெமர் படிக்கிற ஒரு கண் பார்க்காமல் எதையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

மின்னஞ்சல் முகவரி

கெமர் ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். வாலில் 8203 ஒட்டிக்கொண்டு வரும், மடல் போகாது. கையால் அடியுங்கள்.

லிமோன் ஃபைலைத் தூக்கி எறிவது

கெமர் யூனிகோடில் ஏறியது 1999இல். அதற்கு முந்தைய பழக்கத்தில் பலர் அதன் பிறகும் வெகுகாலம் லிமோன் போன்ற எழுத்துருக்களில்தான் அடித்தார்கள். பாமினியில் அடித்த தமிழ் ஃபைலைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் எப்படி ஆங்கில எழுத்துக் கொத்தாகத் தெரியுமோ அதே கதை. கெட்டுப்போன ஃபைல் என்று அழித்துவிடாதீர்கள். மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படிக்கவும் வேண்டும்.

பூசை மாடத்தை நகர்த்துவது

கேபிளை மாடத்தைச் சுற்றிக் கொண்டுபோங்கள்.

ஒரே பத்தியில் ரியெலும் (கம்போடிய நாணயம்) டாலரும்

வேண்டாம்.

ஏப்ரல் நடுவில் சர்வர் மாற்றுவது

கெமர் புத்தாண்டு ஏப்ரல் 13 அல்லது 14இல் தொடங்கி மூன்று நாள். அதற்கு முந்தைய வாரமே மனசெல்லாம் ஊரில்தான் இருக்கும். விடுமுறையில் புனோம் பென் தெருக்கள் வெறிச்சோடிவிடும். வருடம் பிறப்பதும் நள்ளிரவில் அல்ல. ஏழு தேவதைகளில் அந்த வருடத்துக்கு உரியவள் இறங்குகிற நேரத்தை மணி, நிமிடத்தோடு முன்கூட்டியே அறிவிப்பார்கள். "எல்லாரும் லீவு, அமைதியா வேலை பார்க்கலாம்" என்று சர்வரைப் பிரித்துப் போட்டு, தேவதை இறங்குகிற நேரத்தில் வீட்டு வாசலில் பழமும் ஊதுபத்தியுமாக நின்ற நெட்வொர்க் ஆளை ஃபோனில் அழைத்தவன் நான். எடுத்தார், அதுதான் கொடுமை.

கல்யாணக் கவர்

பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்குங்கள். அது வந்த கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பணத்தை அதிலேயே வைத்து, உங்கள் பெயரோடு திருப்பிக் கொடுப்பது வழக்கம். மொய் எழுதும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. போக முடியாவிட்டாலும் கவர் போகவேண்டும்.

543ஐக் கூட்டுவது

அரசுக் கடிதங்களில் ஆங்கிலத் தேதியோடு சந்திரத் தேதியும் புத்த ஆண்டும் வரும். புதிதாக வருபவர்கள் தாய்லாந்து டெம்ப்ளேட் ஒன்றை இறக்கி, ஆங்கில ஆண்டோடு 543ஐக் கூட்டும் ஃபார்முலாவைப் போட்டுவிடுவார்கள். சில மாதம் சரியாகவே வரும். கம்போடியாவில் புத்த ஆண்டு மாறுவது ஜனவரியிலும் இல்லை, புத்தாண்டிலும் இல்லை. விசாகப் பௌர்ணமியை ஒட்டி மாறும். 2024 ஜனவரியில் 2567, அதே வருடம் ஜூனில் 2568. அந்தக் கட்டத்தில் ஃபார்முலா வேண்டாம். கையால் அடியுங்கள், அடித்ததை மீங்கிடம் கொண்டுபோங்கள். சரியா என்று கேட்காதீர்கள், என்ன தப்பு என்று கேளுங்கள்.