பாலைவனக் கொலைக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒருவராவது சவூதிக்கோ கட்டாருக்கோ போய்வராத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும் நம் பக்கத்தில் எழுதப்படும் மர்மக் கதைகளில் பாலைவனம் என்னவோ டிவியிலிருந்துதான் வருகிறது. மணல்மேடு, ஒட்டகம், தலைக்கு மேல் கழுகு. கொலையும் விசாரணையும் மட்டும் அசல் மட்டக்களப்புப் பாணி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பிணத்தைப் பார்ப்போம். “உடல் சில்லிட்டுக் கிடந்தது” என்று எழுதாதவர் குறைவு. ஜூலை மாதம், ரியாத்துக்குத் தெற்கே, பகல் வெப்பம் 45 பாகை. செத்த உடல் சுற்றியுள்ள காற்றின் சூட்டை நோக்கித்தான் போகும். உயிரோடு இருந்தபோது 37 பாகையில் இருந்த உடம்பு அந்தப் பகலில் ஆறாது, இன்னும் சூடேறும். அப்போது உடல் வெப்பத்தை அளந்து “நேற்று இரவு பத்து மணிக்கு இறந்திருக்கிறார்” என்று டாக்டர் அடித்துச் சொன்னால் கதை அங்கேயே விழுந்துவிடும்.

அழுகலும் அப்படித்தான். நம் வாவிக்கரை ஈரக்காற்றில் இரண்டாம் நாளே மூக்கைப் பொத்த வேண்டியிருக்கும். கடும் வெயிலும் வரட்சியும் சேர்ந்த இடத்தில் உடல் பெரும்பாலும் கருவாடு போலக் காய்ந்து இறுகிவிடும். அதன் பிறகு அது சில மாதங்களுக்கு முந்திய பிணமா, சில வருடங்களுக்கு முந்தியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். நல்ல எழுத்தாளருக்கு இது வரம். இறந்த தேதியைக் குழப்ப நினைக்கும் கொலையாளிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

அடுத்தது மணல். உலகப் பாலைவனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மணல். அரபுத் தீபகற்பத்தின் தெற்கே சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் ரூப் அல் காலி பெரிய மணல்காடுதான், சரி. மற்ற இடங்களில் சரளைக்கல் வெளி, வெறும் பாறை, மேலே உப்புத் தோல் பூத்த சப்கா. சப்கா மேலுக்குக் கெட்டியாகத் தெரியும். ஓட்டிப் போனால் வாகனம் அச்சுவரை புதையும். ஆனால் நம் கதைகளில் எங்கே பார்த்தாலும் ஒரே மணல், அதில் ஒரே காற்று, அந்தக் காற்று எல்லாத் தடயத்தையும் அழித்துவிடும். மேட்டு மணலில் அது நடக்கும். சரளை வெளியில் பதிந்த டயர் தடம் வருடக்கணக்காக அப்படியே கிடக்கும். கால்தடம் பார்த்தே ஆளைச் சொல்வதில் அல் முர்ரா கோத்திரத்தாருக்குப் பெரிய பெயர். சவூதிப் பொலிஸே அவர்களைப் பயன்படுத்தியிருக்கிறது.

தடயம் என்றால் இரத்தக்கறைதான் வேண்டும் என்றில்லை. மணலுக்குள் இறங்கும் முன் டிரைவர் டயர் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 15 அளவுக்கு இறக்குவார். தார் வீதிக்கு ஏறியதும் கம்ப்ரசரைப் போட்டு மறுபடி அடிப்பார். “நான் நெடுஞ்சாலையை விட்டு இறங்கவே இல்லை” என்று சாதிக்கிறவனுடைய வண்டி நான்கு டயரும் தளர்ந்து நின்றால், பொலிஸ்காரர் அதற்கு மேல் பேசவே வேண்டாம்.

தண்ணீரில்லாமல் மூன்று நாள் நடக்கும் நாயகனை விட்டுவிடுங்கள். அந்த வெயிலில் நடந்தால் ஒரு நாளைத் தாண்டுவதே பெரிய காரியம். பழுதான வண்டியை விட்டு நடக்கத் தொடங்குவதுதான் பலர் சாவதற்குக் காரணம். தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது வண்டி.

ஆளில்லாத இடம், ஆகவே சாட்சியில்லை என்ற கணக்கும் தப்பு. ஆள் குறைவான இடத்தில் புதிதாக ஒரு வண்டி வந்தால் ஒட்டகம் மேய்க்கிறவனிலிருந்து கடைக்காரன் வரை எல்லோருக்கும் தெரியும், அப்புறம் மறக்காது. சனம் நெரியும் சந்தையில்தான் ஒளிவது சுகம். இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, நம் ஊர்த் தொழிலாளியை நினைத்த இடமெல்லாம் போய்த் துப்பறிய வைப்பது. கபீல், அதாவது வேலைக்கு எடுத்த முதலாளி, தொழிலாளியின் பாஸ்போட்டை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். இக்காமா என்ற வதிவிட அனுமதி இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. என்னைக் கேட்டால், துப்பறிய ஏற்ற ஆள் தண்ணீர் பவுசர் ஓட்டும் காக்காதான். தொழிலாளர் தங்கும் முகாம் முகாமாகப் போவார், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், எந்த முகாமில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு முகாமில் திடீரென்று தண்ணீர்ச் செலவு குறைந்தால் முதலில் கவனிப்பவரும் அவர்தான்.

கடைசியாக நேரம். கொலை நடந்த நேரத்தில் அக்கரைப்பற்றிலுள்ள மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன் என்று ஒருவன் சொல்கிறான் என்று வையுங்கள். இங்கே இரவு 9 மணி என்றால் சவூதியில் மாலை 6.30. ஓமான், துபாய் என்றால் 7.30. கதை பழைய காலத்தில் நடந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2006 ஏப்ரலில்தான் இலங்கை தன் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளியது. அதற்கு முந்திய சில வருடங்களில் சவூதிக்கும் நமக்கும் 3 மணி வித்தியாசம். வார விடுமுறையும் மாறியிருக்கிறது: சவூதியில் 2013 வரை வியாழன், வெள்ளி, அதன் பிறகு வெள்ளி, சனி. 2005இல் நடக்கும் கதையில் வியாழக்கிழமை அரசாங்கக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வாங்கும் ஆள் பொய் சொல்கிறான், அல்லது எழுத்தாளர் பார்க்காமல் எழுதியிருக்கிறார்.