சர்வரைக் கூட்டும் முன் சிட்டையைப் பாருங்கள்: டேட்டாபேஸ் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்கோடிபி, டைனமோடிபி போன்ற டேட்டாபேஸ்களில் ஆரம்ப வேலை மளமளவென்று நடக்கும். டேபிள் வரைய வேண்டாம், புதுத் தகவல் வந்தால் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். டேட்டா பெருகி, மூன்று நான்கு சர்வர்களாகப் பிரித்த பிறகுதான் சிக்கல் தலைகாட்டும். உடனே பலரும் இன்னொரு சர்வர் வாங்கிப் போடுகிறார்கள். வடிவமைப்பில் இருக்கும் கோளாறுக்கு அது மருந்தாகாது.

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கும் கமிஷன் கடைகளுக்கு ஒரு ஆப் எழுதுகிறோம். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டை பக்கமிருந்து விடியற்காலையில் பூ வந்து இறங்கும். எடை போட்டு, அன்றைய விலையைப் பார்த்து, கமிஷன் கழித்து, விவசாயிக்குச் சிட்டை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கடைக்கு ஒரு டாக்குமெண்ட் (டேட்டாபேஸில் ஒரு பதிவு), அதற்குள் எல்லாச் சிட்டைகளும் ஒரே வரிசையாக என்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிட்டை 300 பைட், நாளைக்கு 200 சிட்டை என்றால் தினமும் 60 கிலோபைட் ஏறும். மாங்கோடிபியில் ஒரு டாக்குமெண்டின் உச்சவரம்பு 16 மெகாபைட். ஒன்பது மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, ஒரு நாள் காலையில் அந்தக் கடையில் சிட்டையே போட முடியாமல் போகும். டைனமோடிபி என்றால் வரம்பு 400 கிலோபைட்தான், ஒரு வாரம்கூடத் தாங்காது. வரம்பைத் தொடும் முன்பே வேகம் குறைந்திருக்கும், ஏனென்றால் கடையின் போன் நம்பரைப் படிக்கக்கூட மொத்த டாக்குமெண்டும் மெமரிக்கு வர வேண்டும். முடிவில்லாமல் வளரும் எதையும் உள்ளே வைக்காதீர்கள். சிட்டை ஒவ்வொன்றும் தனி டாக்குமெண்டாக, அவற்றுக்கென்று ஒரு தனி கலெக்‌ஷன் போதும்.

அடுத்தது ஷார்ட் கீ. டேட்டாவைப் பிரித்து வைக்கும் சர்வர் ஒவ்வொன்றும் ஒரு ஷார்ட். எந்தப் பதிவு எந்த ஷார்டுக்குப் போகும் என்று முடிவு செய்யும் ஃபீல்டுதான் (பதிவுக்குள் இருக்கும் ஒரு தகவல்) ஷார்ட் கீ. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். தேதி வாரியாகப் பிரித்தால் இன்றைய பதிவுகள் அத்தனையும் ஒரே ஷார்டில் போய் விழும், மற்றவை சும்மா இருக்கும். மாங்கோடிபி ஒவ்வொரு டாக்குமெண்டுக்கும் தானே கொடுக்கும் ஆப்ஜெக்ட் ஐடியை வைத்தாலும் இதே கதைதான், அதன் முதல் நான்கு பைட் நேரம். சரி, தேதியை ஹாஷ் செய்தால், அதாவது ஒரு சூத்திரத்தில் போட்டுக் கலைத்த எண்ணாக மாற்றினால்? வெறும் தேதி என்றால் அன்றைய சிட்டை எல்லாவற்றுக்கும் ஒரே ஹாஷ்தான் வரும், ஆக அதே ஷார்ட். பூ வகையால் பிரித்தால் மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம் என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான் மதிப்புகள். முகூர்த்த நாளில் மல்லி இருக்கும் ஷார்ட் மட்டும் திணறும்.

இதைக் கண்டுபிடிக்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். ஷார்ட் வாரியாக டேட்டா அளவைப் பார்த்தால் எல்லாம் சமமாகத் தெரியலாம், ஏனென்றால் பழைய டேட்டாவை, ஷார்டுகளைச் சமன்படுத்தும் பேலன்சர் நகர்த்தி வைத்திருக்கும். பார்க்க வேண்டியது, காலை நெரிசலில் ஒவ்வொரு ஷார்டிலும் நொடிக்கு எத்தனை பதிவு விழுகிறது என்பதை.

இந்த ஆப்புக்கு நான் வைப்பது கடை எண், தேதி, சிட்டை எண் மூன்றும் சேர்ந்த கீ. கடை எண்ணோடு வரும் கேள்வி உரிய ஷார்டுக்கு நேராகப் போய்விடும். மார்க்கெட் முழுக்க மல்லி என்ன விலை போனது என்ற கேள்விதான் எல்லா ஷார்டையும் தட்டும். அதற்கு தினச் சுருக்கம் ஒன்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளலாம். கீயைத் தப்பாக வைத்துவிட்டாலும் வழி உண்டு. மாங்கோடிபி 4.4 முதல், ஏற்கெனவே இருக்கும் கீயின் பின்னால் ஃபீல்ட் சேர்க்கலாம், 5.0 முதல் கீயையே மாற்றலாம். ஆனால் மாற்றும்போது கலெக்‌ஷனின் இன்னொரு நகலுக்கு டிஸ்கில் இடம் வேண்டும், கடைசிக் கட்டத்தில் பதிவு கொஞ்ச நேரம் நிற்கும். அதனால் கல்யாணம் இல்லாத, மல்லி வரத்தும் குறைந்திருக்கும் மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தரும் தவறு வேறு. மேலே சொன்னவை சத்தம் போடும், இது போடாது. ஆப்பின் பழைய வெர்ஷன் எடையை "2.5" என்று எழுத்தாகச் சேமித்தது, புதியது எண்ணாகச் சேமிக்கிறது. டேட்டாபேஸ் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், மாங்கோடிபியின் கூட்டல் எண்ணாக இல்லாததைச் சேர்க்காமல் விட்டுவிடும். எரர் எதுவும் வராது. விவசாயிக்குப் போக வேண்டிய பணம் குறையும், அவர் கையில் இருக்கும் காகிதச் சிட்டையை எடுத்துக்கொண்டு வந்து கேட்டால்தான் நமக்கே தெரியும்.

எடை ஃபீல்டை டைப் வாரியாக எண்ணிப் பாருங்கள், எத்தனை எழுத்து, எத்தனை எண், எத்தனை காலி என்று வந்துவிடும். அப்புறம், மாங்கோடிபி 3.6 முதல் இருக்கும் ஜேசன் ஸ்கீமா சரிபார்ப்பை (எந்த ஃபீல்டில் என்ன டைப் என்று விதிப்பது) மிதமான (moderate) நிலையில் போடுங்கள். புதிய பதிவுகள் கட்டுப்படும், தப்பாக இருக்கும் பழையவற்றைத் திருத்தும்போது தடுக்காது. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். "இரண்டரை" என்று இருப்பதை ஆள் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள்.

கடைசியாக ஒன்று. சிட்டை போட்ட கையோடு நகல் சர்வரிலிருந்து படித்தால், அங்கே அது இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. கணக்குப்பிள்ளை ஏறவில்லை என்று நினைத்து மறுபடி தட்டுவார், ஒரே மூட்டைக்கு இரண்டு சிட்டை. சிட்டைப் பட்டியலை, பதிவு முதலில் விழும் பிரைமரி சர்வரிலிருந்தே படியுங்கள். சிட்டை எண்ணைப் படிவம் திறக்கும்போதே கடை போனில் உருவாக்கி, மேலே சொன்ன மூன்று ஃபீல்டும் சேர்ந்த ஷார்ட் கீயை யூனிக்காக (ஒரே மதிப்பு இரண்டாம் முறை ஏறாதபடி) வைத்துவிட்டால், அதே படிவத்தை எத்தனை முறை அனுப்பினாலும் ஒன்றுதான் பதிவாகும்.