மெயில் புராக்ஸியில் உள்நுழைவுப் பிழை: கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன்

மின்னஞ்சல் செயலியில் ‘கடவுச்சொல் தவறு’ என்று வந்தவுடன் பயனருக்குப் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்ப்பதுதான், என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை மெயில் புராக்ஸியாக, அதாவது மின்னஞ்சல் செயலிக்கும் மெயில் சர்வருக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகராக, வைத்திருக்கும் இடங்களில் அடிக்கடி நிகழும் தவறு. அங்கே உள்நுழைவை மறுக்கக்கூடியவை மூன்று: புராக்ஸி, அது ஹெச்டிடிபி வழியாகக் கேட்கும் சரிபார்ப்பு ஸ்கிரிப்ட், பின்னால் உள்ள டவ்காட் போன்ற மெயில் சர்வர். மூன்றின் லாகுகளையும் (நிகழ்வுப் பதிவுகளையும்) நேரம் பொருத்திப் பார்த்து, மறுத்தது எது என்று தெரிந்த பிறகே அமைப்புகளில் கைவைக்க வேண்டும்.

என் அனுபவத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்கிரிப்ட்டைத்தான். வலைத்தளம் எழுதிய பழக்கத்தில் பலர் தவறான கடவுச்சொல்லுக்கு 401 (‘அனுமதி இல்லை’ என்னும் ஹெச்டிடிபி நிலை எண்) என்று பதில் அனுப்புகிறார்கள்; ஆனால் என்ஜின்எக்ஸ் அந்த எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை, முடிவை அறியப் பதிலுடன் வரும் ஆத்-ஸ்டேட்டஸ் என்ற ஹெடரை (தலைப்பு வரியை) மட்டுமே படிக்கிறது. பின்னால் உள்ள மெயில் சர்வர் எது என்று சொல்லும் ஆத்-சர்வர் ஹெடரில் ஹோஸ்ட் பெயரை எழுதினாலும் செல்லாது, ஐபி முகவரியே வேண்டும்.

ஒரே ஒரு பயனரால் மட்டும் உள்ளே வர முடியவில்லை என்றால், அவருடைய கடவுச்சொல்லில் உள்ள குறியீடுகளைக் கவனியுங்கள். ‘%’ குறியை என்ஜின்எக்ஸ் ‘%25’ என்று மாற்றி அனுப்புகிறது. ஸ்கிரிப்ட் அதைத் திரும்ப மாற்றாவிட்டால் சரியான கடவுச்சொல்லும் தவறாகிவிடும். பிஹெச்பியில் யுஆர்எல்-டிகோட் செயற்கூறைப் பயன்படுத்தினால் வேறொரு வம்பு: அது ‘+’ குறியை இடைவெளியாக்கிவிடும். அங்கே ரா-யுஆர்எல்-டிகோடே பொருத்தமானது.

ஸ்கிரிப்ட் சம்மதித்த பிறகும் மறுப்பு வந்தால் பின்சர்வரைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் அதனுடன் வழக்கமாக மறையாக்கம் இன்றியே பேசுவதால், ஆத்-போர்ட் ஹெடரில் மறையாக்கத்துக்கான ஐமேப் (அஞ்சல் படிக்கும் நெறிமுறை) போர்ட்டான 993 என்று கொடுப்பது வீண். மறையாக்கம் இல்லாத 143 கொடுக்க வேண்டும். மறையாக்கம் இல்லாத இணைப்பில் கடவுச்சொல்லை ஏற்காதபடி டவ்காட் அமைந்திருந்தால், புராக்ஸியின் முகவரியை அதன் நம்பகமான வலையமைப்புகளின் பட்டியலில் சேர்க்க வேண்டுமே தவிர, அந்தப் பாதுகாப்பை எல்லோருக்குமாக நீக்கிவிடக் கூடாது.

அஞ்சல் வருகிறது, அனுப்ப மட்டும் முடியவில்லை என்பது அஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபிக்கே உரிய தனிக் கதை. உள்நுழைவு விவரத்தை என்ஜின்எக்ஸ் இயல்பாகப் பின்சர்வருக்குக் கடத்துவதில்லை; அதற்கான அமைப்பு 1.19.4 பதிப்பில்தான் வந்தது.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உள்நுழைவு நின்றுபோனால், பின்சர்வரில் ஃபெயில்டூபான் (தவறான முயற்சிகள் பெருகும் ஐபியைத் தடுக்கும் மென்பொருள்) ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்கிரிப்ட் தடுக்காமல் பின்சர்வர் வரை விட்டுவிடும் தவறான முயற்சிகள் எல்லாம் அதன் கண்ணுக்குப் புராக்ஸியின் ஒரே ஐபியிலிருந்து வருபவையாகத் தெரிவதால், மறதிக்காரர் ஒருவர் ஐந்தாறு முறை தவறாகத் தட்டினாலே அது புராக்ஸியை முழுவதுமாகத் தடுத்துவிடக்கூடும்.