பசுமை வீடும் நாற்பத்தொரு துணிப்பைகளும்

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. போன போகிக்கு வீட்டை ஒழித்தபோது அதில் தொங்கிய பைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. கல்யாண வீடுகளில் தேங்காய் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பைகள், துணிக்கடைப் பைகள், ‘இயற்கையைக் காப்போம்’ என்று அச்சடித்தவை மட்டும் ஆறு. இத்தனையும் இருக்க, முந்தின நாள்தான் கையை வீசிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போய், நாற்பத்தொன்றாவதை வாங்கி வந்திருந்தேன்.

வீட்டைச் சூழலுக்கு உகந்ததாக மாற்றப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் செய்கிற முதல் தவறு, எதையாவது வாங்குவது. பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும், நெய்யவும் சாயமேற்றவும் மின்சாரம் வேண்டும். ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான், ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் அதன் பங்கு குறைவாகும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் கணக்கிட்டது. என் ஆணியில் தொங்குபவை எல்லாம் அந்தக் கணக்கைத் தீர்க்க, நான் நாள் தவறாமல் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கடைக்குப் போக வேண்டும். இப்போது ஸ்கூட்டர் பெட்டியில் இரண்டு பைகள் நிரந்தரமாகக் கிடக்கின்றன. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இன்னொன்று: துணி போலத் தெரிவதெல்லாம் துணியல்ல. பையின் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். நூல் வராமல் பஞ்சுத் தாள் போலக் கிழிந்தால் அது பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் அந்தப் பையும் உண்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடி ஜாடி வரிசை வாங்குவதும் இதே ரகம். கடுகுக்கும் மிளகுக்கும் பழைய டப்பாவே போதும்.

அடுத்தது உரத்தொட்டி. உற்சாகமாக ஆரம்பித்து மூன்றாவது வாரம் நாற்றம் தாங்காமல் கைவிடாத வீடு அபூர்வம். நானும் கைவிட்டவன்தான். காய்கறித் தோலையும் காபித் தூளையும் மட்டும் போட்டுக்கொண்டே போனேன். அவற்றில் பெரும்பகுதி தண்ணீர். அது அடியில் தேங்கிக் காற்றை அடைத்துவிடுகிறது. காற்றில்லாத இடத்தில் கழிவு மக்குவதில்லை, அழுகுகிறது. சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்த குப்பைக்குள் மீத்தேன் உண்டாவதும் இப்படித்தான். ஆகவே ஒரு கிண்ணம் ஈரக் கழிவு போட்டால், அளவில் அதே ஒரு கிண்ணமாவது காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ மேலே போட வேண்டும். பக்கவாட்டில் துளையிட்ட மண்தொட்டி நல்லது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். சொட்டினால் இன்னும் சருகு வேண்டும், உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். தொடக்கத்தில் புளித்த மோர் ஒரு கரண்டி ஊற்றினால் வேகம் பிடிக்கும். வெள்ளைப் புழுக்களைக் கண்டு மருந்தடிக்காதீர்கள். பெரும்பாலும் அவை ஈரக் கழிவைத் தின்னும் ஒருவகை ஈயின் புழுக்கள். நம் வேலையைத்தான் செய்கின்றன. மீன் கழிவு, எண்ணெய் மிதக்கும் குழம்பு, தேங்காய்ச் சிரட்டை மூன்றையும் வீட்டுத் தொட்டியில் தவிர்த்துவிடுங்கள்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது ஊரே குழி தோண்டியது. அந்தக் குழிகளில் எத்தனையை அதற்குப் பிறகு திறந்து பார்த்திருப்போம்? எங்கள் வீட்டுக் குழியின் மூடியைக் கடப்பாரை கொண்டு நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே ஜல்லியும் மணலும் வண்டலோடு இறுகிச் சிமெண்டுத் தரை போல இருந்தன. மழைநீர் அதன் மேல் நின்று, வழிந்து, தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இத்தனைக்கும் 1,000 சதுர அடி மொட்டைமாடியில் சென்னையின் ஓராண்டு மழை ஏறத்தாழ 1,30,000 லிட்டர். புரட்டாசியிலேயே மாடியைப் பெருக்கி, மேல் மணலை அள்ளிக் கழுவிப் போட்டுவிட வேண்டும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு குழாயைக் குழிக்குத் திருப்புங்கள். துணி துவைத்த தண்ணீரை அந்தக் குழியில் விடுவது மகா தவறு. சோப்பு நேரே நிலத்தடி நீருக்குப் போகும்.

குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பற்றிச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், இருந்தாலும் சொல்கிறேன். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்கு ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. நாளுக்குப் பத்து லிட்டர் பிடிக்கும் குடும்பம் மாதம் 900 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மானி சில நூறு ரூபாய்க்கு விற்கிறது, அதில் அளந்து பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்து, தண்ணீரில் வேறு மாசு இல்லையென்றால், ஆர்.ஓ. தேவையில்லை; கிருமிக்குக் காய்ச்சினால் போதும். உப்பு கூடிய ஊர்களில் இயந்திரம் வேண்டும்தான். அங்கே கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளலாம். கறிவேப்பிலைச் செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள், உப்பு மண்ணில் தங்கிவிடும்.

மின்சாரத்தில் போன் சார்ஜரைப் பிடுங்குவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையான செலவு மின்விசிறியிலும் ஏ.சி.யிலும் இருக்கிறது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் முடித்துக்கொள்ளும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றினால், இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு நாற்பது யூனிட் குறையும். பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும். ஏ.சி.யை 18-இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கடைசியாகப் பால் பாக்கெட். கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர்க் கடையில் எடுத்துக்கொள்வார்கள், பிசுபிசுவென்று கொடுத்தால் மாட்டார்கள். கத்தரிக்கும்போது மூலையை முழுதாகத் துண்டிக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட வேண்டும். நகம் அளவு துண்டை எந்தத் தூய்மைப் பணியாளரும் பொறுக்க முடியாது, அது வாய்க்காலுக்குத்தான் போகும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. காலை ஐந்தரை மணிக் காபி அவசரத்தில் யாருக்கும் நினைவிருப்பதில்லை. இன்று காலையும் அடுப்பு மேடையில் ஒரு நீல முக்கோணம் ஒட்டிக்கிடந்தது. வெட்டியது நான்தான்.